கேளுங்க, சொல்றேன்: ராத்திரி ஷோவோட பகல் வேலை

போன இதழ்ல அமெரிக்க லேட் நைட் காமெடி டாக் ஷோ பத்தி ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதினேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. ஜிம்மி ஃபாலன், ஸ்டீஃபன் கோல்பேர், ஜிம்மி கிம்மல், சேத் மையர்ஸ்னு இந்த ஷோ நடத்துற ஹோஸ்டுங்கள கிளிப் கிளிப்பா பார்க்குறவங்க நம்ம வாசகர்கள்ல நிறைய பேர் இருக்கீங்க போல. அதனால இந்த தடவை பூரா அந்த ஷோக்கள் எப்படி தயாராகுதுங்கறது மட்டும்தான்.

கேள்வி: ராத்திரி 11.35க்கு வர்ற ஷோ லைவா நடக்குதா? அந்த நேரத்துல அத்தன பேர் எப்படி ஆடியன்ஸா வந்து உக்கார்றாங்க?

பதில்: லைவ் இல்லங்க. சாயந்தரம் அஞ்சு மணி வாக்குல எடுத்து அன்னைக்கு ராத்திரியே போட்டுடுவாங்க. ஆனா எடுக்குற விதம் கிட்டத்தட்ட லைவ் மாதிரியேதான், நிறுத்தி நிறுத்தி ரீடேக் போறதில்ல, விளம்பரம் வர வேண்டிய இடத்துல விளம்பர நேரம் அளவுக்கு நிஜமாவே இடைவேளை விடுவாங்க, அந்த ரெண்டு மூணு நிமிஷம் பேண்ட் வாசிச்சுகிட்டே இருக்கும், புரொடியூசர் ஹோஸ்ட் உக்கார்ற டெஸ்க் கிட்ட வந்து குனிஞ்சு அடுத்து எத வைக்கலாம் எத தூக்கலாம்னு பேசிட்டு போவார். எடுத்து முடிச்சதுக்கும் ஒளிபரப்புக்கும் நடுவுல சில மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள நீளம் கூடினத வெட்டி, போடக்கூடாத வார்த்தைக்கு பீப் போட்டு, எத போடலாம் எத போடக்கூடாதுன்னு முடிவு பண்ற சேனலோட ஸ்டாண்டர்ட்ஸ் ஆளுங்க பார்த்து ஓகே சொல்லணும்.

கிம்மல் ஷோ பேர்லயே லைவ்னு இருக்கேன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. 2003 ஜனவரியில ஆரம்பிச்சப்ப அது நிஜமாவே லைவாதான் போச்சு. பின்னால டேப்புக்கு மாறிட்டாங்க, பேரு மட்டும் நின்னுடுச்சு. 2016ல அமெரிக்காவோட ரெண்டு பெரிய கட்சிகளோட மாநாடும் நடந்தப்போ கோல்பேர் நிஜ லைவ் பண்ணினார், மாநாட்டு மேடையில கடைசி பேச்சு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல அதுக்கு ஜோக் ரெடியா இருக்கணும்னா அந்த டீம் எப்படி உக்காந்து எழுதியிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

கேள்வி: மோனோலாக்ல, அதாவது ஷோ ஆரம்பத்துல ஹோஸ்ட் தனியா பேசுற பகுதியில, வர்ற ஜோக் எல்லாம் ஹோஸ்டே யோசிக்கிறதா? இல்ல யாராவது எழுதி குடுக்குறாங்களா?

பதில்: எழுதுறதுக்குன்னே ஒரு ரூம் நிறைய ஆள் இருக்காங்க. எனக்கு இந்த ஷோக்கள்ல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

காலைல ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடியே அன்னைக்கு என்ன நியூஸ் ஓடுதுன்னு எல்லாரும் பார்த்திருப்பாங்க. ரிசர்ச் ஆளுங்க டிவி கிளிப்புகள தோண்டி எடுத்து வைப்பாங்க. மோனோலாக் ரைட்டர்ஸ்னு தனியா சில பேர், அவங்க வேலை நாள் பூரா ஒன்னு ரெண்டு வரி ஜோக் எழுதி எழுதி தள்ளுறது. ஸ்கெட்ச்னு சொல்ற குட்டி காமெடி நாடகம், டெஸ்க் பீஸ் எழுதுறவங்க பெரும்பாலும் வேற ஆளுங்க. டெஸ்க் பீஸ்னா ஹோஸ்ட் உக்காந்துகிட்டு படம், கிளிப் எல்லாம் காட்டி பண்றது, அந்த காலத்து ஹோஸ்ட் டேவிட் லெட்டர்மேன் 1985 செப்டம்பர்ல ஆரம்பிச்ச டாப் டென் லிஸ்ட் மாதிரி, சேத் மையர்ஸ் நியூஸ அலசி பண்ற க்ளோசர் லுக் மாதிரி. இப்படி எல்லாரும் அனுப்புறத ஹெட் ரைட்டர் அலசி, ஹோஸ்ட் அதுல டிக் போட்டு, நூறுக்கு மேல வந்ததுல கடைசியில மேடைக்கு போறது பத்து பதினஞ்சுதான். மீதி அத்தனையும் குப்பைக்கு. நாளைக்கு வச்சுக்கலாம்னு எடுத்து வைக்கவும் முடியாது, அன்னைக்கு நியூஸ் அன்னைக்கு ராத்திரியோட செத்துடும்.

இன்னொரு கஷ்டமும் இருக்கு. ஒரே நியூஸ் மேல ஒரே ராத்திரியில நாலஞ்சு ஷோ ஜோக் பண்ணப்போகுது, போதாததுக்கு காலைலேர்ந்தே ஊர் பூரா சோஷியல் மீடியால அதையே கலாய்ச்சிருக்கும், அப்போ உங்க மனசுல முதல்ல தோணுற பஞ்ச் எல்லாருக்கும் தோணியிருக்கும்னு வச்சுக்கணும், அத தூக்கி போட்டுட்டு ரெண்டாவது மூணாவது எங்க இருக்குன்னு தேடணும், அதுவும் மத்தியானத்துக்குள்ள. அந்த வரிய இன்னும் சுருக்கணும். சிரிப்பு வர வேண்டிய வார்த்தை கடைசியா நிக்கணும், அதுக்கு பின்னால ஒரு வார்த்தை ஒட்டிக்கிட்டிருந்தா கூட ஆடியன்ஸ் சிரிக்க ஆரம்பிக்கும்போது ஹோஸ்ட் இன்னும் பேசிகிட்டிருப்பார், சிரிப்பு அப்படியே அமுங்கிடும்.

மத்தியானத்துக்கு மேல ரிகர்சல். ஃபாலன் ஷோல மோனோலாக்க ஒரு சின்ன கூட்டத்துக்கு முன்னாடி சொல்லி பார்த்துட்டுதான் பைனல் பண்ணுவாங்க, எதுக்கு சிரிப்பு வரலயோ அது போயிடும். ரூம்ல ரைட்டர்ஸ் விழுந்து விழுந்து சிரிச்ச ஜோக் வெளியாளுங்க முன்னாடி சத்தமே இல்லாம போகும், அது தினமும் நடக்குறது, அதுக்கு மனசு உடையாம அடுத்தத எழுதுறவங்கதான் அங்க நிக்க முடியும்.

அப்புறம் கியூ கார்டு. பெரிய வெள்ளை அட்டையில மார்க்கர்ல கையால எழுதி கேமரா பக்கத்துல ஒருத்தர் தூக்கி பிடிப்பார். சேத் மையர்ஸ் ஷோல அந்த வேலை பார்க்குற வாலி ஃபெரஸ்டன் சாட்டர்டே நைட் லைவ்ங்கற வாராந்திர ஸ்கெட்ச் ஷோவுக்கும் இதே வேலைதான் பார்க்குறார், அவரையே பல தடவை கேமரா முன்னாடி இழுத்து காமெடி பண்ணிருக்காங்க. டெலிபிராம்ப்டர் இருக்குற காலத்துல எதுக்கு அட்டைன்னு தோணும். ஷோ ஆரம்பிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு ஜோக் வேணாம்னா அந்த அட்டைய உருவி எடுத்தா போதும், வேலை முடிஞ்சுது.

ஹோஸ்டோட பங்கு இதுல கம்மின்னு நினைச்சுடாதீங்க. எழுதின வரி விழுந்துட்டா அந்த நொடியில காப்பாத்த வேண்டியது அவர் ஒருத்தர்தான். ஜானி கார்சன் 1962 அக்டோபர்லேர்ந்து 1992 மே வரைக்கும் 30 வருஷம், இப்போ ஃபாலன் பண்ற அதே டுநைட் ஷோவ பண்ணினார், ஜோக் ஓடாதப்போ அவர் முகத்துல காட்டுற ரியாக்‌ஷனுக்கு ஜோக்குக்கு வர வேண்டியத விட பெரிய சிரிப்பு வரும். அத யாரும் எழுதி குடுக்க முடியாது.

கேள்வி: நடிகர்கள் வந்து சொல்ற கதை எல்லாம் முன்னாடியே செட்டப் பண்ணினதுன்னு ஒரு நண்பர் சொல்றார். நிஜமா? அப்படின்னா அது ஏமாத்து வேலை இல்லையா?

பதில்: முன்னாடியே பேசி வைக்கிறது நிஜம். ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன்.

செக்மென்ட் புரொடியூசர்னு ஒரு வேலை இருக்கு. ஷோவுக்கு சில நாள் முன்னாடி அவங்க கெஸ்டுக்கு போன் போட்டு, சில சமயம் ஒரு மணி நேரம் கூட, சமீபத்துல என்ன நடந்துச்சு, எங்க போனீங்க, வீட்ல என்ன கூத்துன்னு பேசி பேசி கதைய கறப்பாங்க. இதுக்கு ப்ரீ-இன்டர்வியூன்னு பேரு. பத்து கதை வந்தா அதுல மூணு நாலுதான் தேறும். அந்த கதைக்கு போற மாதிரி கேள்விய தயார் பண்ணி ஹோஸ்ட் டெஸ்க்ல வச்சிருக்குற சின்ன கார்டுல எழுதிடுவாங்க, "ஹவாய் போனீங்களாமே"ன்னு ஹோஸ்ட் சும்மா கேட்குற மாதிரி கேட்டா அந்த பக்கம் கதை ரெடியா இருக்கும்.

ஏன் இப்படின்னா ஒரு கெஸ்டுக்கு கிடைக்கிறது ஆறேழு நிமிஷம், அதுல படத்தோட பேர சொல்லணும், கிளிப் ஓட்டணும். திடீர்னு கேட்டா நம்மள்ல எத்தன பேருக்கு ஒரு நல்ல கதை உடனே ஞாபகம் வரும்? நடிக்க தெரிஞ்சவங்க எல்லாருக்கும் நடந்தத சுவையா சொல்ல தெரியும்னு இல்ல, பாதி பேர் பயந்துகிட்டுதான் அந்த சோபால வந்து உக்கார்றாங்க. அந்த புரொடியூசர் செய்யுறது என்னன்னா அவங்ககிட்டயே இருக்குற கதையில எது நல்லா இருக்குன்னு காட்டி, எங்க ஆரம்பிக்கணும் எங்க நிறுத்தணும்னு சொல்லி, தைரியம் குடுத்து அனுப்புறது. கதை கெஸ்டோடது, இல்லாதத உண்டாக்கி குடுக்குறதில்ல. கார்டுல இருக்குறத அப்படியே வரிசையா கேட்டுட்டு போற ஹோஸ்டும் உண்டு, கெஸ்ட் வாய்தவறி சொன்ன ஏதோ ஒன்ன பிடிச்சுகிட்டு கார்ட தள்ளி வச்சுடுற ஹோஸ்டும் உண்டு. ரெண்டாவது ரகத்த பார்க்கும்போதுதான் எனக்கு ஷோ பார்த்த திருப்தி வரும்.

கேள்வி: கெஸ்டுக்கு எவ்வளவு சம்பளம் குடுப்பாங்க? கோடிக்கணக்குல இருக்குமா?

பதில்: இல்ல. நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு குறைஞ்சபட்ச தொகை, அவ்வளவுதான். அவங்க வர்றது படத்துக்கும் பாட்டுக்கும் புஸ்தகத்துக்கும் விளம்பரம் கிடைக்கும்னு.

கேள்வி: அந்த சிரிப்பு சத்தம் நிஜமா, டேப்பா?

பதில்: நிஜ ஆளுங்க சிரிக்கிறதுதான், ஆனா அத வளர்க்குறாங்க. டிக்கெட் இலவசம், நிறைய பேர் பல மணி நேரம் வெளிய லைன்ல நின்னு களைச்சு போய்தான் உள்ள வருவாங்க. கேமரா ஓடுறதுக்கு முன்னாடி வார்ம்-அப் காமெடியன் ஒருத்தர் வந்து பத்து இருபது நிமிஷம் அவங்கள தட்டி எழுப்புவார், நீங்க எந்த ஊர்னு கேட்டு கலாய்ப்பார், கை தட்ட பழக்குவார், நீங்க குடுக்குற சத்தம்தான் ஷோன்னு சொல்லி ஏத்தி விடுவார். டிவியில அவர் முகமே வராது. என் கணக்குல அந்த கட்டடத்துலயே கஷ்டமான காமெடி வேலை அவரோடதுதான், யாரும் அவர பார்க்க வரல, டைமும் அவர் கையில இல்ல, உள்ள ஏதாவது ரிப்பேர்னா இன்னும் பத்து நிமிஷம் இழுன்னு சொல்லுவாங்க.

கை தட்டுங்கன்னு எரியுற போர்டு இருக்கு. சீட்டுக்கு மேல மைக் தொங்கும். ஹாலையும் நல்லா குளிரா வச்சிருப்பாங்க, லெட்டர்மேன் இதுல ரொம்ப பிடிவாதம், நியூயார்க் எட் சல்லிவன் தியேட்டர்ல அவர் ஷோ நடந்த காலத்துல போறவங்க ஸ்வெட்டர் எடுத்துட்டு போகணும்னு பேச்சே இருந்துச்சு. வெதுவெதுப்பா இருந்தா கூட்டம் சொக்கிடும், குளிருல நிமிர்ந்து உக்காரும்.

2020 மார்ச்ல கொரோனா வந்து ஆடியன்ஸ் இல்லாம ஹோஸ்டுங்க வீட்லேர்ந்தே பண்ணினாங்களே, கோல்பேர் பாத்டப்ல உக்காந்து மோனோலாக் பண்ணினாரே, அத இப்போ திரும்ப பாருங்க. அதே மாதிரி எழுதின ஜோக்தான். ஆனா ஒரு வரி முடிஞ்சதும் எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு சொல்றதுக்கு எதிர்ல ஆள் இல்ல. ஹாலோட சிரிப்பு அலங்காரத்துக்கு இல்ல, ஹோஸ்டுக்கு தாளம் போடுறதே அதுதான்னு அன்னைக்கு புரிஞ்சுது.

கேள்வி: எல்லா ஷோலயும் அதே டெஸ்க், அதே சோபா, அதே பேண்ட். யார் ஆரம்பிச்சு வச்சது?

பதில்: 1954 செப்டம்பர்ல என்பிசி சேனல்ல டுநைட் ஷோ தொடங்கினப்போ ஸ்டீவ் ஆலன் போட்ட பாதை பெரும்பாலும் அதுதான், கார்சன் அத 30 வருஷத்துல கல்வெட்டு மாதிரி ஆக்கிட்டார். இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. 1982ல கார்சனுக்கு அடுத்த ஸ்லாட்டுல, நடுராத்திரி தாண்டி, லெட்டர்மேன் ஷோ ஆரம்பிக்கும்போது கார்சன் தரப்பு சில கண்டிஷன் போட்டுச்சு, எங்க ஷோ மாதிரி பக்கத்துல துணைக்கு ஒரு ஆள் உக்காரக்கூடாது, பேண்டுல ஹார்ன், அதாவது டிரம்பெட் மாதிரி ஊதுற வாத்தியம், கூடாது, மோனோலாக்க சின்னதா முடிச்சுக்கணும்னு. வழக்கமான வழி அடைபட்டதும் லெட்டர்மேனும் அப்போ ஹெட் ரைட்டரா இருந்த மெரில் மார்கோவும் வேற பக்கம் போனாங்க, வீட்டு நாய் பூனை பண்ற வித்தைய ஷோவா வச்சாங்க, கேமராவ தெருவுக்கு எடுத்துட்டு போனாங்க, ஆபீஸ் ஸ்டாஃப மேடையில ஏத்தினாங்க. இன்னைக்கு நீங்க பார்க்குற கிளிப்புல பாதிக்கு வேர் அங்கதான் இருக்கு. மார்கோ பேர் லெட்டர்மேன் பேர் அளவுக்கு தெரியாம போச்சுங்கறதுல எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: ஸ்டாண்ட்-அப் காமெடியன்களுக்கு இந்த ஷோல அஞ்சு நிமிஷம் கிடைச்சா வாழ்க்கையே மாறும்னு சொல்றாங்களே?

பதில்: கார்சன் காலத்துல நிஜமாவே மாறிச்சு. அவர் ஷோல வந்து பண்ணிட்டு, முடிச்சதும் அவர் கைய காட்டி சோபாவுக்கு கூப்பிட்டார்னா மறுநாள் காலைல அந்த ஆள் ஸ்டார். 1986ல எலன் டிஜெனரஸ் முதல் தடவை வந்தப்பவே கூப்பிட்டார், முதல் தடவையிலேயே அப்படி கூப்பிடப்பட்ட முதல் பெண் காமெடியன் அவங்கதான். இப்போ அவ்வளவு கிடையாது. ஆனா தயாரிப்பு அதே கறார்தான், அந்த அஞ்சு நிமிஷத்துல எந்த ஜோக் எந்த வரிசையில வரணும்னு காமெடியன்கள தேர்ந்தெடுக்குற புக்கர் கூட உக்காந்து திரும்ப திரும்ப மாத்தி, கிளப்புல பண்ணி பார்த்துட்டுதான் விடுவாங்க.

கேள்வி: ரைட்டர்ஸ் ஸ்ட்ரைக் வந்தா ஏன் முதல்ல இந்த ஷோக்கள்தான் நிக்குது?

பதில்: சீரியலுக்கும் படத்துக்கும் எழுதி முடிச்ச ஸ்கிரிப்ட் கையிருப்பு இருக்கும். இங்க இன்னைக்கு எழுதினாதான் இன்னைக்கு ஷோ. 2023 மே 2ம் தேதி ரைட்டர்ஸ் சங்கம் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சதும் உடனே இந்த பெரிய லேட் நைட் ஷோ எல்லாம் பழைய எபிசோடுக்கு போயிடுச்சு. 148 நாள். அதுல அஞ்சு ஹோஸ்டுங்க, கோல்பேர், ஃபாலன், கிம்மல், மையர்ஸ், ஜான் ஆலிவர், போட்டிய எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு ஒன்னா சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் பண்ணி அதுல வந்த காச வேலை இல்லாம இருந்த தங்களோட ஸ்டாஃபுக்கு குடுத்தாங்க. கேமரா, லைட், மேக்கப், ஆபீஸ் பாய்னு ஸ்ட்ரைக்குல இல்லாதவங்களுக்கும் சேர்ந்துதான் வருமானம் போச்சு, அத யோசிச்சு செஞ்சது பெரிய விஷயம்.

அதுக்கு முந்தின ஸ்ட்ரைக் 2007 நவம்பர்ல ஆரம்பிச்சு 2008 பிப்ரவரி வரைக்கும் 100 நாள் போச்சு. லெட்டர்மேனோட ஷோ அவர் சொந்த கம்பெனி தயாரிப்புங்கறதால சங்கத்தோட தனியா ஒப்பந்தம் போட்டு ஜனவரி 2ம் தேதி ரைட்டர்ஸோடவே திரும்பி வந்தார். அதே ராத்திரி இன்னொரு லேட் நைட் ஹோஸ்ட் கோனன் ஓ'பிரையன் ரைட்டர்ஸ் இல்லாம வந்தார். நேரத்த ஓட்டணுமே, தன்னோட கல்யாண மோதிரத்த டெஸ்க்ல பம்பரம் மாதிரி சுத்திவிட்டு எவ்வளவு நேரம் சுத்துதுன்னு பார்த்துகிட்டு உக்காந்திருந்தார். சாட்டர்டே நைட் லைவுலயும் சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் சீரியல்லயும் ரைட்டரா இருந்தவர் அவர், அவ்வளவு திறமைசாலிக்கே ஒரு மணி நேரத்த தனியா ரொப்புறது எவ்வளவு பாடுன்னு பாருங்க.

கேள்வி: நல்லாத்தானே ஓடிச்சு, பின்ன ஏன் கோல்பேரோட லேட் ஷோவ மூடுறோம்னு சிபிஎஸ் சேனல்ல சொன்னாங்க?

பதில்: 2025 ஜூலையில அறிவிச்சாங்க, 2026 மே மாசத்தோட முடியும்னு. 1993ல லெட்டர்மேன் தொடங்கின ஷோ அது. முழுக்க முழுக்க பணக்கணக்குதான் காரணம்னு கம்பெனி சொல்லுது. தாய் கம்பெனி பாரமவுண்ட், டிரம்ப் போட்ட வழக்க 1 கோடியே 60 லட்சம் டாலர் குடுத்து முடிச்சுகிட்டத கோல்பேர் மேடையில கிழிச்சு சில நாள்தான் ஆகியிருந்துச்சு, கம்பெனி கைமாறுறதுக்கு அரசாங்க அனுமதி வேற காத்துகிட்டிருந்துச்சு, அதனால சந்தேகப்படுறவங்க நிறைய. சந்தேகப்பட நியாயம் இருக்குன்னுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனா பணக்கஷ்டமும் பொய் இல்ல. நடுராத்திரி டிவி முன்னாடி உக்கார்றவங்க குறைஞ்சுட்டாங்க, காலைல போன்ல கிளிப் பார்க்குறவங்க கோடிக்கணக்குல இருந்தாலும் அந்த பார்வைக்கு டிவி விளம்பரம் அளவுக்கு காசு வராது. 2024லயே சேத் மையர்ஸ் ஷோல பட்ஜெட் வெட்டுல பேண்டையே எடுத்துட்டாங்க, ஃபாலன் ஷோ வாரத்துக்கு அஞ்சு நாள்லேர்ந்து நாலு நாளாச்சு. மூடுறத சொன்ன ராத்திரி கோல்பேர் அங்க வேலை செய்யுற 200 பேரப்பத்தி பேசினார். எனக்கும் கவலை அவங்க மேலதான். ஹோஸ்டுக்கு வேற மேடை கிடைக்கும். ஒரே நாள்ல எழுதி, கட்டி, தைச்சு, எடுத்து, வெட்டி அனுப்புற அந்த வேகம் தினசரி ஷோல நின்னாதான் கைக்கு வரும், இருபத்தஞ்சு வயசுல அங்க சேர்ந்து தினமும் அம்பது ஜோக் எழுதி அடிபட்டு கத்துக்குற பசங்களுக்கு அந்த இடத்துக்கு பதிலா வேற எது இருக்குன்னு எனக்கு தெரியல, பாட்காஸ்ட்ல ரெண்டு பேரும் ரெண்டு மைக்கும் போதும், ரைட்டர்ஸ் ரூம் தேவைப்படாது.

கேள்வி: என் பொண்ணு வெளிநாட்டுல படிக்கிறா, இந்த மாதிரி ஷோவுக்கு எழுதணும்னு ஆசைப்படுறா. எப்படி அப்ளை பண்றது, டிகிரி வேணுமா?

பதில்: டிகிரிய யாரும் கேக்க மாட்டாங்க, பாக்கெட்ட கேப்பாங்க. பாக்கெட்னா மாதிரி எழுத்து, பெரும்பாலும் ஒரு ரெண்டு பக்கம் மோனோலாக் ஜோக், ரெண்டு மூணு டெஸ்க் பீஸ் ஐடியா, சில ஷோ ஸ்கெட்ச்சும் கேட்கும். எந்த ஷோவுக்கு அனுப்புறாங்களோ அந்த ஹோஸ்ட் வாயிலேர்ந்து வர்ற மாதிரி இருக்கணும், மையர்ஸுக்கு எழுதினத அப்படியே ஃபாலனுக்கு அனுப்பினா முதல் பக்கத்துலயே தெரிஞ்சுடும். ஜோக் அந்த வாரத்து நியூஸ்ல இருக்கணும். அனுப்ப சொல்லி கேட்டா நேரம் ரொம்ப கம்மியாதான் குடுப்பாங்க, அதனால கேக்குறதுக்கு முன்னாடியே பழகணும், இப்போதிலேர்ந்து தினமும் காலைல பேப்பர் பார்த்து இருபது ஜோக் எழுத சொல்லுங்க, சாயந்தரம் அதுல ரெண்டே ரெண்டு மட்டும் வச்சுகிட்டு மீதிய அடிக்க சொல்லுங்க, ராத்திரி ஷோ வந்ததும் அதே நியூஸ அவங்க எப்படி பண்ணிருக்காங்கன்னு தன்னோட ரெண்டோட வச்சு பார்க்கட்டும். யார் வேணா மேடையேறி பேசுற ஓபன் மைக் எங்க நடந்தாலும் போய் சொல்லி பார்க்கட்டும். கொஞ்ச நாள் போனதும் அவ அடிக்காம வச்ச ஜோக்ல பத்த எனக்கு அனுப்ப சொல்லுங்க, படிக்க ஆசையா இருக்கு.